மூன்று ஆண், நான்கு பெட்டை: தாரா வளர்ப்போர் கேள்விகள்

இந்த முறை கோழிக்காரர்களுக்கு ஓய்வு. திருகோணமலைப் பக்கம் வளவில் நாலைந்து தாரா (வாத்து) வைத்திருப்பவர்கள் எழுதியதை மட்டும் எடுத்திருக்கிறேன். கேட்கும் விதம் வேறு வேறு, கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது ஆண் தாராவிடம்தான்.

அண்ணா, சைக்கிளில் கொண்டுவந்து விற்றவரிடம் தாராக் குஞ்சு ஏழு வாங்கினோம். வளர்ந்த பிறகு பார்த்தால் மூன்று ஆண், நான்கு பெட்டை. முதலில் தினமும் மூன்று நான்கு முட்டை கிடைத்தது, இப்போது ஒன்று கிடைத்தாலே பெரிது. இரண்டு பெட்டைகளுக்குப் பின்கழுத்தில் இறகு போய்த் தோல் தெரிகிறது, ஒன்று நொண்டுகிறது. பக்கத்து வீட்டு அக்கா பேன் என்கிறார், மாமா தீன் போதாது என்கிறார். எது சரி? (வாசகி, உவர்மலை)

தங்கச்சி, இரண்டும் இல்லை. உங்கள் வளவில் ஆண்கள் கூடிப்போச்சு, அவ்வளவுதான். ஆண் தாரா ஏறும்போது பெட்டையின் பின்கழுத்தை அலகால் கவ்விப் பிடிக்கும், அதனால்தான் சரியாக அந்த இடத்தில் மட்டும் இறகு போகிறது. பேன் என்றால் ஆண்களும் சேர்ந்து சொறியும், இறகு மாற்றும் காலம் என்றால் உடம்பு முழுக்க உதிரும், ஆணுக்கும் உதிரும். உங்கள் ஆண்கள் மூன்றும் பளபளவென்று இருக்குமே, பாருங்கள்.

ஒரு ஆணுக்கு நாலு முதல் ஆறு பெட்டை இருக்க வேண்டும். காக்கி கேம்பல், ரன்னர் மாதிரி உடம்பு மெலிந்த, ஓடித் திரியும் சாதி என்றால் ஆறு ஏழு கூட இருக்கலாம். உங்கள் கணக்குப்படி ஒரு ஆணுக்கு ஒன்றரைப் பெட்டைகூட வரவில்லை. அதிலும் மூன்றும் தங்களுக்குள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே பெட்டையைத் துரத்தும், ஒன்று இறங்கினால் அடுத்தது ஏறும். நொண்டுவது அந்தப் பாரத்தால்தான் இருக்கும். பேசினிலோ சின்னத் தொட்டியிலோ இது நடந்தால் பெட்டை தண்ணீருக்குள் அமுங்கிச் செத்தே போகலாம், அதனால் இப்போதைக்குத் தொட்டியில் தண்ணீரைக் குறைத்து வையுங்கள், தலையை நனைத்துக் கழுவும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் போதும்.

சரி, என்ன செய்வது? ஒரு ஆணை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இன்றைக்கே பிரியுங்கள். எதை வைப்பது என்று கேட்டால், பெரியதை வைக்காதீர்கள், சாதுவானதை வையுங்கள். இறைச்சிக்கு நிறை பார்க்கலாம், பெட்டைகளோடு விடுவதற்குக் குணத்தைத்தான் பார்க்க வேண்டும். நொண்டியையும் காயப்பட்டதையும் அந்த ஒரு ஆணிடமிருந்தும் தள்ளி, நிழலான இடத்தில் இரண்டையும் சேர்த்தே வையுங்கள், தாரா தனியே இருந்தால் தின்னாது. காயத்தை உப்புத் தண்ணீரால் கழுவி மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம், ஆனால் எண்ணெய் வேண்டாம், எண்ணெய் பட்ட இறகில் தண்ணீர் ஒட்டாமல் ஓடும் தன்மை போய்விடும், அப்புறம் அது நனைந்து நடுங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ஈ மொய்த்தால் புழு வைக்க நேரம் எடுக்காது, ஆழமான காயம் என்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வேரோடு பிடுங்கிய இறகு சில வாரத்தில் முளைத்துவிடும். முறிந்து குச்சியாக நிற்பது அடுத்த முறை இறகு மாற்றும்போதுதான் சரியாகும், அதுவரை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

பிரித்த இரண்டு ஆணையும் தனிக் கூட்டில் வைத்திருக்கலாம். பெட்டை கண்ணில் படாவிட்டால் ஆண்கள் பெரும்பாலும் சண்டை போடாமல் சேர்ந்து இருக்கும். ஆனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெட்டை, இந்தப் பக்கம் ஆண் என்று வைத்தால் நாள் முழுக்க வலையோரமே நடந்துகொண்டு இருக்கும், கொஞ்சம் மறைத்துக் கட்டுங்கள். முட்டை போடாத இரண்டுக்குத் தவிடும் குறுணலும் ஏன் போட வேண்டும் என்று மாமா கேட்பார், நியாயமான கேள்விதான். விற்கலாம், பெட்டை கூடுதலாக இருப்பவரிடம் மாற்றலாம், கறியும் வைக்கலாம். பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் மூன்றாவது வழியை விட்டுவிடுங்கள், வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

முட்டை விஷயத்தில் இன்னொன்று. துரத்தல் தாங்காத பெட்டை கூட்டில் போடாமல் பற்றைக்குள்ளும் வேலியோரத்திலும் போட்டுவிடும், அது கீரிக்கும் காகத்துக்கும்தான். தாரா பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும், அதனால் எட்டு மணிக்குப் பிறகு திறந்து விடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்களைக் குறைத்தாலும் முட்டை கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதற்கு நிழலும் நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரும்தான் வழி.

நான் இரண்டு தாரா சோடியாக வாங்க நினைக்கிறேன், ஒரு ஆண் ஒரு பெட்டை. போதுமா? (வாசகர், நிலாவெளி)

போதாது தம்பி. சோடி என்பது புறாவுக்குச் சரி. வீட்டுத் தாராவில் ஆணுக்கு அந்த ஒழுக்கம் எல்லாம் இல்லை, ஒரே ஒரு பெட்டை இருந்தால் நாள் முழுக்க அதையே பிடிக்கும். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் இரண்டும் பெட்டையாக வாங்குங்கள்.

குஞ்சாக இருக்கும்போதே ஆண் பெண் பார்க்க முடியாதா? விற்பவர் “எல்லாம் பெட்டைதான்” என்று சத்தியம் செய்கிறார். (வாசகி, தம்பலகாமம்)

சத்தியத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஒருநாள் குஞ்சின் பின்துவாரத்தை விரித்துப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பழக்கம் இல்லாமல் நீங்கள் செய்யப் போனால் குஞ்சுக்குக் காயம் வரும். எளிதான வழி குரல். ஏழு எட்டு வாரத்தில் ஒவ்வொன்றாகக் கையில் தூக்குங்கள், ஊரே கேட்க “குவாக் குவாக்” என்று கத்துவது பெட்டை, தொண்டை கட்டியவர் மாதிரி கரகரப்பது ஆண். அப்புறம் மூன்று நாலு மாதத்தில் ஆணுக்கு வாலுக்கு மேல் ஒன்றிரண்டு இறகு சுருண்டு நிற்கும். ஆனால் இறகு மாற்றும்போது அந்தச் சுருளும் விழுந்துவிடும், அந்த நேரத்தில் சந்தையில் வால் பார்த்து வாங்கினால் ஏமாறலாம், அதனால் குரலை நம்புங்கள். குஞ்சாக ஆறு வாங்கினால் மூன்றும் மூன்றுமாக வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, நாலு ஆண் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. காசு கொஞ்சம் கூடினாலும் குரல் மாறிய வளர்ந்த பெட்டையாக வாங்குவதுதான் கடைசியில் லாபம் என்பது என் கட்சி.

ஆண் இல்லாமல் முட்டை போடுமா? (வாசகர், கிண்ணியா)

போடும். கோழி மாதிரித்தான், முட்டைக்கு ஆண் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. சத்திலும் ருசியிலும் குறை இல்லை. முட்டை மட்டும் வேண்டிய வீட்டில் ஆணே வேண்டாம், வளவும் அமைதியாக இருக்கும்.

மூஞ்சியில் சிவந்த சதை உள்ள பெரிய தாரா ஆண் ஒன்று இருக்கிறது. அதைச் சாதாரணத் தாராப் பெட்டைகளோடும் கோழிகளோடும் ஒன்றாக விடலாமா? (வாசகர், மூதூர்)

அது மஸ்கோவி, தென் அமெரிக்கப் பக்கத்து இனம், நம்ம வீட்டுத் தாராவின் சாதியே இல்லை. இரண்டும் சேர்ந்து குஞ்சு வரும், வளரும், இறைச்சிக்கு நல்லது, ஆனால் அந்தக் குஞ்சுகள் மலடு. இனம் பெருக்க நினைத்தால் அங்கேயே கதை முடிந்துவிடும். பாரமும் அதிகம், சின்னப் பெட்டைகள் தாங்காது. கோழிகளோடு விடவே வேண்டாம், மஸ்கோவி மட்டுமல்ல, எந்த ஆண் தாராவையும். சேவலுக்கு இல்லாத உறுப்பு ஆண் தாராவுக்கு உண்டு, கோழிமீது ஏறினால் உள்ளே கிழித்துக் கோழி சாகலாம். பெட்டை இல்லாமல் தனியாக நிற்கும் ஆண் தாரா கோழியைத் தேடிப் போகும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஐயா, குஞ்சு பொரிக்க ஆசை. ஐந்து பெட்டை, ஒரு ஆண். கூடுதலாக ஒரு ஆண் வேண்டுமா? எங்கள் தாரா அடை கிடக்கவே மாட்டேன் என்கிறது. (வாசகி, குச்சவெளி)

ஒரு ஆண் தாராளமாகப் போதும். ஆனால் அது உங்கள் பெட்டைகளோடு ஒரே கூட்டில் பொரித்ததென்றால் வேறு ஊர்ப் பக்கம் ஒன்றோடு மாற்றிவிடுங்கள். மாற்றிய உடனே முட்டை எடுத்து வைக்காதீர்கள், பழைய ஆணின் கரு ஒன்றிரண்டு வாரம் வரை முட்டையில் வரும்.

முட்டைக்கென்று வளர்த்த சாதிகள் அடை கிடப்பது அரிதுதான், ஊர்க்கோழியின் கீழ் வையுங்கள். கோழி முட்டை 21 நாள், தாரா முட்டை 28 நாள் (மஸ்கோவி என்றால் 35), அதனால் அடை கிடக்கத் தொடங்கிப் பல நாளான கோழியில் வைத்தால் பாதியில் எழும்பிவிடும், புதிதாக அடைக்கு வந்ததைப் பிடியுங்கள். தாரா முட்டை பெரிது, ஆறு ஏழுக்கு மேல் கோழியால் மூட முடியாது. ஒரு வாரத்தில் இருட்டறையில் டோர்ச் அடித்துப் பாருங்கள், நரம்பு ஓடாத முட்டை கூழ்தான், எடுத்துவிடுங்கள். பொரித்த பிறகு முதல் சில வாரம் ஆழமான தண்ணீரில் விட வேண்டாம், தாய்த் தாராவிடம் வளராத குஞ்சு நனைந்து குளிரில் விறைத்துவிடும். பொரித்ததில் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் இருக்கும், அவற்றை யார் வாங்குவார் என்று முட்டை வைப்பதற்கு முன்னமே பேசி வையுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் திகதி எழுதுங்கள், பக்கத்தில் வந்து பெட்டைகள் புதிதாகப் போட்டுவிட்டுப் போனால் எது எப்போது வைத்தது என்று தெரியாமல் போய்விடும்.