குதிரையைக் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: சென்னையில் டால் செஸ் கிளப்பில்தான் ஆனந்த் சின்ன வயதில் ஆடிப் பழகினார் என்று என் 12 வயது மகனிடம் சொன்னேன். யார் அந்த டால் என்று தேடிப் பிடித்து, இப்போது அவர் ஆட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். போட்டிக்குப் போனால் பத்து நகர்த்தலுக்குள் ஒரு காயைக் காவு கொடுத்துவிட்டுத் தோற்று வருகிறான். டால் ஆடியது ஆட்டமா, சூதாட்டமா?
– ஒரு வாசகி

பதில்: பையனைத் திட்டாதீர்கள் அம்மா, நல்ல ஆளிடம்தான் போய் மாட்டியிருக்கிறான். லாட்வியாவின் ரீகாவில் 1936-ல் பிறந்த மிகைல் டால், 20 வயதில் சோவியத் சாம்பியன், 23 வயதில் உலக சாம்பியன்.

உலகப் பட்டத்துக்காக 1960-ல் மாஸ்கோவில் அப்போதைய சாம்பியன் போத்வின்னிக்கோடு ஆடியபோது, ஆறாவது ஆட்டத்தில் டாலுக்குக் கறுப்புக் காய்கள். 21-ஆவது நகர்த்தலில் தன் குதிரையை எஃப்4 கட்டத்தில் வைத்தார். வெள்ளைச் சிப்பாய் சும்மா வெட்டிக்கொண்டு போகலாம்! அரங்கத்தில் ஒரே இரைச்சல். கடைசியில் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

என் வகுப்பில் இந்த ஆட்டத்தை வைக்கும்போது குதிரை நகர்வதற்கு ஒரு நகர்த்தல் முன்னால் நிறுத்திவிடுவேன். மற்ற காய்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கச் சொல்வேன். இரண்டு யானைகளும் சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ராணி முன்னேறி வந்துவிட்டது. ஜி7-ல் இருக்கும் மந்திரிக்கு மட்டும் வழியில்லை, சொந்தச் சிப்பாயே மறைத்துக்கொண்டிருக்கிறது. குதிரையை வெட்டிய வெள்ளைச் சிப்பாயை அந்தக் கறுப்புச் சிப்பாய் திருப்பி வெட்டியதும் மூலைவிட்டம் முழுக்கத் திறந்துவிடுகிறது. அந்த வழிக்குத்தான் குதிரையை விலையாகக் கொடுத்தார்.

வெள்ளை தப்பிக்க வழி இருந்தது என்று பின்னால் அலசியவர்கள் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பலகையில் கண்டுபிடிக்க வேண்டுமே! போத்வின்னிக்கால் முடியவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். பத்து நகர்த்தலுக்குள் காவு கொடுக்கிறான் என்றால் அவனுடைய யானைகள் பெரும்பாலும் மூலையிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். இந்த ஆறாவது ஆட்டத்தை அவனோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். முதல் 20 நகர்த்தல்களை அவசரப்படாமல் பார்க்கட்டும்.

கேள்வி: டாலுக்குக் கையில் குறை இருந்ததாமே?
– இன்னொரு வாசகர்

பதில்: வலது கையில் பிறவியிலேயே மூன்று விரல்கள்தான். அந்தக் கையோடு பியானோவும் வாசிப்பார்.

கேள்வி: 1960-ல் வாங்கிய பட்டத்தை அடுத்த வருஷமே விட்டுவிட்டாரே? அதோடு அவர் காலம் முடிந்துவிட்டதா?
– அதே வாசகர்

பதில்: தோற்ற சாம்பியன் மறுபடி மோதலாம் என்று அப்போது விதி இருந்தது. 49 வயது போத்வின்னிக் டாலின் ஆட்டங்களை உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். டாலுக்கோ சிறுநீரக நோய். 13-8 என்று பட்டம் போயிற்று. 1962-ல் குராசாவோ தீவில் உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியைப் பாதியில் விட்டு மருத்துவமனையில் படுத்தார். அங்கே அவரைப் போய்ப் பார்த்தவர் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஃபிஷர். 1969-ல் ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு மனசு கேட்காது. 1973-74-ல் தொடர்ந்து 95 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. அதில் 46 வெற்றி, மற்றவை டிரா. சூதாடுகிறவருக்கு இது நடக்குமா? 1988-ல் கனடாவில் உலக பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக ஆட்டம்) போட்டியை 51 வயதில் வென்றார். உலக சாம்பியன்கள் காஸ்பரோவும் கார்ப்போவும் ஆடிய போட்டி அது.

1992 மே மாதம் மாஸ்கோவில் இன்னொரு பிளிட்ஸ் போட்டி. மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து ஆடினார். அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை அங்கே வென்றார். ஜூன் 28-ல் இறந்துபோனார், வயது 55.