முதலில் மகனின் ரத்தம், பிறகுதான் உங்களுடையது

கேள்வி: என் 6 வயது மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய் என்று சி.பி.கே. (தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் என்சைம்) அளவை வைத்துச் சொன்னார்கள். ஜீன் டெஸ்ட் எடுக்கவில்லை. இப்போது நான் 8 வாரக் கர்ப்பம். லேப் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, "உங்கள் ரத்தத்தில் எக்ஸோம் டெஸ்ட் எடுத்தால் போதும், வயிற்றில் ஊசியே வேண்டாம், குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்" என்கிறார். நம்பலாமா? (வாசகி, கரூர்)

பதில்: நம்ப வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம். இந்த வாரமே எடுக்க வேண்டியது உங்கள் மகனின் ரத்தம். ஊதா மூடி போட்ட குழாயில் 3 மில்லி போதும். கேட்க வேண்டிய டெஸ்டின் பெயர் எம்.எல்.பி.ஏ.

தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான ஜீனில் எக்ஸான் எனப்படும் 79 துண்டுகள் உண்டு. இந்த நோயுள்ள பத்துப் பையன்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு அவற்றில் சில துண்டுகள் அடியோடு காணாமல் போயிருக்கும், அல்லது இரட்டித்திருக்கும். எம்.எல்.பி.ஏ. அந்த 79 துண்டுகளையும் ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஏஜென்ட் சொன்ன எக்ஸோம் டெஸ்ட் ஜீன்களை எழுத்தெழுத்தாகப் படிப்பது. எழுத்துப் பிழை பார்ப்பதில் கெட்டி. ஒரு பக்கமே கிழிந்து போனதைப் பல நேரம் கோட்டை விட்டுவிடும். அதன் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், பெரிய இழப்புகள் தவறிப் போகலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை எந்த ஏஜென்ட்டும் படித்துக் காட்டுவதில்லை. எம்.எல்.பி.ஏ.வில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அப்போது எழுத்துப் பிழையைத் தேடலாம்.

மகனுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். அதில் துண்டு இல்லையென்றால் பளிச்சென்று தெரியும். உங்களுக்கு இரண்டு. ஒன்றில் உள்ள குறையை மற்றொன்று மறைத்துவிடும். எந்தத் துண்டு போயிருக்கிறது என்று அவனிடம் தெரிந்துகொண்டு, அதையே உங்களிடம் தேடினால்தான் பிசகாது. உங்கள் சி.பி.கே. நார்மல் என்பதை வைத்து யாராவது தைரியம் சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். குறையுள்ள ஜீனைச் சுமக்கும் பெண்களிலேயே பலருக்கு அது நார்மலாகத்தான் இருக்கிறது.

கர்ப்பிணியின் ரத்தத்தில் வழக்கமாக எடுக்கிற என்.ஐ.பி.டி. டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகளுக்கானது. உங்கள் கவலைக்கு அதில் விடை கிடையாது. "ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்கிறோம், பெண் என்றால் பயமில்லை" என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டவிரோதம். தாய் அந்த ஜீனைச் சுமப்பவராக இருந்தாலும் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேர் நலமாகவே இருப்பார்கள் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இனி ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மகனிடம் குறை கிடைத்து, உங்கள் ரத்தத்தில் அது இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு தாய்க்கு அப்படித்தான் வருகிறது. உடனே "அம்மாவுக்கு இல்லை, அடுத்த குழந்தைக்குக் கவலையில்லை" என்பார்கள். வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து, குதிரில் இருக்கும் விதைநெல் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியுமா? ரத்தத்தில் இல்லாத குறை சில கருமுட்டைகளில் மட்டும் இருக்கலாம். நூறு தாய்மாரில் சிலருக்குத்தான் இப்படி. ஆனால் அந்தச் சிலரில் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் கவலையில்லை என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு வயதான இளையவனும் தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கையூன்றி ஏறுவதைக் கண்டபிறகு என்னிடம் அழைத்து வந்தார். அதனால் உங்கள் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் கருவின் பரிசோதனையைத் தள்ளாதீர்கள்.

அது நச்சுக்கொடியிலிருந்து ஊசியால் சிறிது திசு எடுப்பது. 11 முதல் 13 வாரத்துக்குள் செய்வார்கள். கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு, மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதிவுபெற்ற மையத்தில், உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதலோடு இதைச் செய்ய, பாலினத்தோடு தொடர்புள்ள மரபணு நோய்களுக்குச் சட்டமே இடம் தருகிறது. மகனின் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இந்த அவசரமே வந்திருக்கக் கூடாது. இந்த நோயால் கெண்டைக்கால் புடைத்திருந்தால் நல்ல சதைப்பிடிப்பு என்கிறார்கள். கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் கூடினால் கல்லீரலுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்கிறார்கள், அது தசையிலிருந்தும் கசியும் என்று யோசிப்பதில்லை. சி.பி.கே. பார்த்து நோயைச் சொன்னவர்கள் அன்றே ஜீன் டெஸ்டுக்கும் ஒரு சீட்டு எழுதியிருந்தால், இந்தக் கர்ப்பத்துக்கு முன்பே உங்களுக்கு விடை கிடைத்திருக்கும்.

நச்சுக்கொடித் திசுவை அனுப்பும் நாளில் உங்கள் ரத்தமும் ஒரு குழாய் கூடவே போகட்டும். திசுவில் உங்கள் செல்கள் கலந்துவிட்டால் குழந்தையின் முடிவு என்று உங்களுடையதே வந்துவிடும். கலப்பு இல்லை என்று சோதித்தார்களா என லேபிடம் கேளுங்கள், ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.