மூக்கை மாற்றினால் மனம் மாறுமா?

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு படிக்கும் என் மகள், தன் மூக்கு பெரிதாக இருப்பதாகச் சொல்லி, அறுவை சிகிச்சை செய்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். செல்ஃபி எடுப்பதும் அழிப்பதுமாகவே அவளுக்குப் பொழுது கழிகிறது. சிகிச்சை செய்தால் அவள் மனம் தெளியுமா, மேலும் பாதிக்கப்படுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முக அழகுக்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் மனநிறைவு அடைகிறார்கள். ஆனால் மூக்குத் தண்டின் மேடு குறைந்தால் போதும் என்று வருபவருக்குக் கிடைக்கும் நிறைவு, மூக்கு மாறினால் நட்பும் வேலையும் வரனும் தாமாக அமைந்துவிடும் என்று நம்பி வருபவருக்கு, சிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும், எளிதில் கிடைப்பதில்லை.

செல்ஃபியை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். முகத்திலிருந்து ஓரடி தொலைவில் எடுக்கும் படத்தில் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்த வேறுபாடு அநேகமாக மறைந்துவிடும்.

அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிறர் கண்ணுக்குப் படாத, அல்லது மிகச் சிறிய குறையை நினைத்தே நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அவள் வருந்துகிறாளா, துப்பட்டாவால் முகத்தை மறைக்கிறாளா, கல்லூரிக்கும் கல்யாண வீட்டுக்கும் போகத் தயங்குகிறாளா என்று பாருங்கள். அப்படியானால் அது 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்ற மனநோயாக இருக்கலாம். இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே இதை விவரித்திருக்கிறார். இந்த நோய் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் பலன் தருவதில்லை. மூக்கைப் பற்றிய கவலை தாடைக்கோ கன்னத்துக்கோ இடம் மாறிவிடும். சிந்தனைப் போக்கைச் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்துகளும் நல்ல பலன் தருகின்றன. ஆகவே முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அத்தகைய சிக்கல் இல்லையென்று தெரிந்து, சிகிச்சைக்கே முடிவெடுத்தால், முதல் சில வாரங்களுக்கு நீங்களும் தயாராக இருக்க வேண்டும். மூக்கின் மேல் கட்டும், கண்ணுக்குக் கீழே கன்றிய நீலமும், வீங்கிய முகமுமாகக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது, 'ஏன் செய்துகொண்டோம்' என்று அழுகை வருவது இயல்பே. அந்த நேரத்தில் 'முன்பே நன்றாகத்தானே இருந்தது' என்று வீட்டில் ஒருவர் சொல்லும் சொல் ஆழமாகக் காயப்படுத்தும். உறவினர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூக்கு நுனியின் வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டு வரை ஆகலாம் என்பதால், அதற்குள் மறு அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். சில வாரங்கள் கடந்தும் சோர்வு நீடித்தாலோ, தூக்கமும் உணவும் குறைந்தாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.