உமிழ்வுக் கோடும் காய்ச்சல் கோடும்: வாசகர் கேள்விகள்

இந்தியாவின் கார்பன் உமிழ்வையும் டெங்கு எண்ணிக்கையையும் எக்செல்லில் போட்டேன். இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. ப்ராஜெக்டில் ஆதாரமாகக் காட்டலாமா?

வேண்டாம். அதே படத்தில் மலேரியாவையும் போட்டுப் பாருங்கள். 2000இல் இந்தியாவில் பதிவானது சுமார் 20 லட்சம். 2020இல் 2 லட்சத்துக்கும் கீழே. இதே காலத்தில் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. புகை விட்டால் மலேரியா ஒழியும் என்று எழுதுவீர்களா? காலத்தோடு தொடர்ந்து ஏறியோ இறங்கியோ வரும் எந்த இரண்டு எண் தொடரும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். புள்ளியியலாளர் ஊட்னி யூல் 1926லேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டார். ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற வித்தியாசத்தை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பொருத்தம் கரைந்துவிடும்.

2020இல் உமிழ்வும் குறைந்தது, காசநோயும் குறைந்தது. வித்தியாசம் எடுத்தாலும் பொருந்துகிறதே?

நல்ல கேள்வி. ஆனால் குறைந்தது நோய் அல்ல, பதிவு. 2019இல் இந்தியாவில் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் 18 லட்சம். கோவிட் பொதுமுடக்கத்தில் பஸ் ஓடவில்லை, சளிப் பரிசோதனைக்கு ஆள் வரவில்லை, காசநோய்ப் பிரிவின் கருவிகளும் ஊழியர்களும் கோவிட் பக்கம் போனார்கள். வண்டிகளையும் ஆலைகளையும் நிறுத்தி உமிழ்வைக் குறைத்ததும் அதே பொதுமுடக்கம்தான். இன்னொன்று: 2012இல் தனியார் மருத்துவர்களும் காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. இப்படி விதி மாறிய ஆண்டுகளைக் கோட்டின் மேலேயே குறித்துவையுங்கள். பதிவேட்டின் கதையை நோயின் கதையாகப் படிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

மொத்த எண்ணிக்கையா, லட்சம் பேருக்கு இத்தனையா?

லட்சம் பேருக்கு. உமிழ்வையும் தலைக்கு இத்தனை டன் என்றே எடுங்கள். இரண்டையும் மொத்தமாகப் போட்டால் மக்கள்தொகையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

தலைக்கு அதிகம் உமிழும் நாடுகளில்தான் தொற்றுநோய் குறைவு. அப்படியானால் தொடர்பே இல்லையா?

அந்த நாடுகளைக் காப்பாற்றுவது குழாய்த் தண்ணீர், சாக்கடை வசதி, தடுப்பூசி. தொடர்பு உண்டு, ஆனால் ஒரு நாட்டு எல்லைக்குள் அகப்படாது. கார்பன் டை ஆக்சைடு எங்கே வெளியானாலும் உலகம் முழுக்கக் கலந்துவிடும். உலக உமிழ்வில் வங்கதேசத்தின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. 2023இல் அங்கே 3 லட்சத்துக்கு மேல் டெங்கு, 1,700 பேர் சாவு. டாக்காவின் கொசுவுக்கு வெப்பமும் தேங்கிய தண்ணீரும்தான் கணக்கு. டெங்கு பரவ 29 டிகிரி செல்சியஸ் அளவும், மலேரியா பரவ 25 டிகிரி அளவும் தோது என்கின்றன ஆய்வுகள். அதனால் ஒரே வெப்ப உயர்வு ஒரு நோயை ஏற்றி, இன்னொன்றை இறக்கவும் கூடும். நாட்டு உமிழ்வை விட்டுவிட்டு மாவட்டவாரி வெப்பநிலை, மழை அளவு எடுங்கள். ஒரு மாதத்தின் வெப்பத்தையும் மழையையும் ஓரிரு மாதம் கழித்து வரும் நோய்க் கணக்கோடு ஒப்பிடுங்கள்.