எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதானே, அப்புறம் கருவில் எந்த செல் நரம்பு செல்லாக வேண்டும் என்று சொல்வது எது?

புளியரையில் எங்கள் ஆச்சியின் ஆடு ஒருமுறை ஒற்றைக் கண்ணோடு குட்டி போட்டது. நெற்றி நடுவில் ஒரே பெரிய கண், மூக்கு இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. "கிரகணத்தன்னைக்கு ஆட்டை வெளிய கட்டிட்டனே" என்று ஆச்சி பல நாள் அழுதாள். பிறகு கல்லூரியில் விலங்கியல் படித்தபோது அதே முகத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

டிஎன்ஏ ஒன்றுதான். அதில் எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும் என்பதை அக்கம்பக்கத்திலிருந்து வரும் புரதங்கள் தீர்மானிக்கின்றன. மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு குழாயாகத்தான் உருவாகும். அதன் அடிப்பக்கத்திலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் சுரந்து மேலே பரவுகிறது. எங்கள் ஊர் வயலில் தலைமடைக்குத் தண்ணீர் நிறைய, கடைமடைக்குக் கொஞ்சம். வாய்க்கால் ஒன்றுதான், ஆனால் தலைமடையில் நெல், கடைமடையில் உளுந்து. தண்டுவடத்திலும் அப்படித்தான். புரதம் நிறையக் கிடைக்கிற பக்கத்தில் தசையை இயக்கும் நரம்பு செல்கள், குறைவாகக் கிடைக்கிற பக்கத்தில் வேறு வகைகள். எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதும் கணக்கு. குழாயின் மேற்புறத்திலிருந்து பிஎம்பி என்ற வேறு வகைப் புரதங்கள் எதிராக இறங்கி வருகின்றன.

தலைப்பக்கத்தில் இதே சோனிக் ஹெட்ஜ்ஹாக்தான் ஒன்றாக இருக்கும் கண் பகுதியை இரண்டாகப் பிரிக்கிறது. அது தடைபட்டால் கண் ஒன்று, முன்மூளையும் சரியாகப் பிரியாது. அமெரிக்காவின் ஐடஹோவில், சினையான 14-ஆம் நாள் வாக்கில் ஒருவகைக் காட்டுச் செடியைத் தின்ற செம்மறிகள் இப்படிக் குட்டி போட்டன. அந்தச் செடியிலுள்ள சைக்ளோபமைன் என்ற நச்சுப்பொருள் சோனிக் ஹெட்ஜ்ஹாக் தரும் சமிக்ஞையை அடைக்கிறது என்று 1998-ல் தெரிந்தது. கிரகணத்துக்கும் ஒற்றைக் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஆச்சி மேல் எந்தத் தப்பும் இல்லை.

இன்னொரு புரதம் நாட்ச். இதன் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு செல் நரம்பு செல்லாக மாறத் தொடங்கியதும் தன் மேற்பரப்பில் டெல்டா என்ற புரதத்தை நீட்டும். ஒட்டியிருக்கும் செல்லின் நாட்ச் அதைத் தொட்டதும், அந்த செல் மாறாமல் நின்றுவிடும். அது விதைநெல். எல்லாவற்றையும் ஒரே நாளில் குத்திச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? எலிக் கருவில் நாட்ச் சமிக்ஞையை நிறுத்திப் பார்த்தார்கள். செல்கள் அவசரப்பட்டு நரம்பு செல்லாகிவிட்டன. பின்னால் உருவாக வேண்டியவற்றுக்கு மூலசெல் மிஞ்சவில்லை.