கீசகன் வந்த வருடம் எது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பழைய சினிமாப் பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சனிக்கிழமை இரவுகளில் வீடியோ அழைப்பில் கூடி வினாடி வினா விளையாடுகிறோம். குடியாத்தம், ராணிப்பேட்டை, சிங்கப்பூர் என்று ஆளுக்கோர் ஊர். போன வாரம் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' வெளியான வருடத்தைக் கேட்டேன். ஒருவர் 1916 என்றார். ஒரு பெரியவர் 1918 என்றார். இருவருமே கைப்பேசியில் ஆதாரம் காட்டினார்கள். நான் 1916-க்கு மதிப்பெண் கொடுக்க, பெரியவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். இளையவர்களோ கேள்வி முடிவதற்குள் கூகுளில் தேடிச் சொல்லிவிடுகிறார்கள். "எல்லாம்தான் போனில் இருக்கிறதே, இதில் என்ன விளையாட்டு அத்தை?" என்று மருமகள் சிரிக்கிறாள். நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: எதற்கு நிறுத்த வேண்டும், சகோதரி? கேள்வியை மாற்றுங்கள், போதும்.

அந்தப் படத்துக்கு 1916, 1917, 1918 என மூன்று வருடங்களுமே அச்சில் உண்டு. படச்சுருள் ஒன்றும் மிஞ்சவில்லை, போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை. பெரியவருக்கு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். குழுவில் செய்தி போட்டால் போதாது. நீங்களே போனில் அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கேள்வி கேட்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தால் மறுக்கமாட்டார்.

எனக்கு வருத்தம் வேறு. அதை எடுத்த ஆர்.நடராஜ முதலியார் உங்கள் வேலூரில் பிறந்தவர். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், புனேவில் ஓர் ஆங்கிலேயரிடம் கேமரா பிடிக்கக் கற்று, புரசைவாக்கத்தில் ஸ்டூடியோ போட்டார். இத்தனையும் இருக்க, வருடத்தையா கேட்பது? "படம் எடுக்க வருமுன் அவர் என்ன விற்றார்?" என்று கேட்டிருந்தால் சண்டைக்குப் பதில் சிரிப்பு வந்திருக்கும். 'பராசக்தி'யும் (1952) அப்படித்தான். சிவாஜிதான் கதாநாயகன் என்று பிடிவாதமாக நின்ற தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் வேலூர்க்காரர். இதையெல்லாம் உங்கள் குழு கேட்காமல் வேறு யார் கேட்பது?

'முதல்' என்று தொடங்கும் கேள்விகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) என்றால், அதில் தெலுங்கும் உண்டே என்று ஒருவர் கிளம்புவார். முதல் முழு வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என்பதிலாவது தகராறு குறைவு. அதைவிட, 'நாடோடி மன்னன்' (1958) கறுப்பு வெள்ளையிலிருந்து எந்தக் கட்டத்தில் வண்ணத்துக்கு மாறுகிறது என்று கேளுங்கள். படத்தைப் பார்த்தவர்கள் கண்ணை மூடி யோசிப்பார்கள்.

கூகுள்காரர்களை மடக்கக் காதுதான் நல்ல ஆயுதம். பாட்டின் முன்னிசையை மட்டும் சில நொடிகள் ஒலிக்க விடுங்கள். பின்னணி பாடியவரை விட்டு, திரையில் வாயசைத்தவர் யார் என்று கேளுங்கள். நடுவே குறும்பாக ஒன்று: "'அந்த நாள்' (1954) படத்திலிருந்து ஒரு பாட்டின் இரண்டு வரி பாடுங்கள்." அதில் பாட்டே கிடையாது. அவசரக்காரர் ஒருவராவது தொண்டையைச் செருமுவார்.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கும். தியேட்டர் வாசலில் விற்றவை. கதைச் சுருக்கத்தைச் சிக்கலான இடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்திருப்பார்கள். பாத்திரங்களின் பெயரை மாற்றி அதுவரை வாசித்துவிட்டு, என்ன படம், மீதிக் கதை என்ன என்று கேளுங்கள். தேடி எடுப்பது அத்தனை எளிதல்ல. எடுத்தாலும் அதற்குள் குடியாத்தம் நண்பர் கிளைமாக்ஸ் வரை போயிருப்பார்.

மருமகளுடன் வாதாட வேண்டாம். முன்னிசையைத் தேடி, வெட்டி, சரியான நேரத்தில் ஒலிக்க விடும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். அந்த வேலைக்கு உங்கள் குழுவில் அவரைவிடத் தகுந்தவர் இருப்பதாகத் தெரியவில்லை.