ரேடாரில் நீர்த்தூண் ஏன் தெரிவதில்லை? கேள்வி பதில்

கடல்மேலும் பெரிய ஏரிகள்மேலும் மேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கும் சுழலை, அதாவது நீர்த்தூணை (வாட்டர்ஸ்பவுட்), எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

டொராண்டோவில் இருக்கிறேன் அண்ணா. ஒன்டாரியோ ஏரிமேல் ஒன்று தெரிந்தது, உடனே போனில் ரேடாரைத் திறந்தால் லேசான மழைப் பச்சை மட்டும்தான். ரேடார் கோளாறா?

கோளாறு இல்லை தம்பி, ரேடார் பார்க்கும் உயரம் அப்படி. கதிரைப் பெரும்பாலும் அரை டிகிரி அளவுக்கு மேலே தூக்கித்தான் அனுப்புகிறார்கள், பூமியும் வளைந்து கீழே போகிறது, அதனால் 100 கி.மீ. தள்ளி அந்தக் கதிரின் நடுப்பகுதி சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும், அதன் அகலமும் அங்கே ஏறத்தாழ அவ்வளவே. நீங்கள் பார்த்த தூணோ சில பத்து மீட்டர் அகலம்தான் இருக்கும், சுழற்சியும் தண்ணீர் மட்டத்தில் பிறந்து மேலே ஏறுவது. கதிருக்கு அடியிலேயே பிறந்து முடிந்துவிடுகிறது.

அப்போ ரேடாரால் பயனே இல்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நீர்த்தூணில் இரண்டு வகை உண்டு. சூப்பர்செல் என்கிற, உள்ளேயே சுழலும் பெரிய இடிமழை மேகத்திலிருந்து இறங்குவது நிஜமான டொர்னேடோ (சூறாவளித் தூண்), தரையில் இல்லாமல் தண்ணீர்மேல் ஓடுகிறது, அவ்வளவுதான். அதில் மேகமே சுழலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் டாப்ளர் ரேடார் படத்தில் ரேடாரை நோக்கி வரும் நிறமும் விலகிப்போகும் நிறமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதலில் சொன்ன, தண்ணீர் மட்டத்தில் பிறக்கும் மற்ற வகைக்கு நான் தேடுவது மெல்லிய கோடுகளை. ஒரு மழைமேகம் கொட்டிய குளிர்காற்று பரவிப்போய் இன்னொரு மேக வரிசையில் மோதும் இடம் ரேடாரில் சில நேரம் கோடாகத் தெரியும், அங்கேதான் கண் வைக்க வேண்டும்.

வானிலை படிக்கும் மாணவி நான். அமெரிக்காவின் எச்.ஆர்.ஆர்.ஆர். மாதிரி, 3 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் கணினி வானிலை மாடல் நேரடியாகக் காட்டாதா?

காட்டாது. 3 கி.மீ. கட்டத்துக்குள் 50 மீட்டர் சுழல் எப்படித் தெரியும்? ஆனால் அது உருவாகும் சூழலை மாடல் நன்றாகவே சொல்லும். கனடாவின் வானிலை நிபுணர் வேட் சிலாகி வட அமெரிக்கப் பேரேரிகளுக்காக உருவாக்கிய வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரின் வெப்பத்துக்கும் 850 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்து (சுமார் ஒன்றரை கி.மீ. உயரம்) வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பக்கம், மேகத்தின் ஆழம் இன்னொரு பக்கம். வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஆழம் குறைந்த மேகமே போதும். 850 மட்டத்தில் காற்றின் வேகம் 40 நாட்-க்கு (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) மேல் போனால் வாய்ப்பு இல்லை. இதிலிருந்து வரும் குறியீட்டு எண் பூஜ்ஜியமோ அதற்கு மேலோ இருந்தால் நீர்த்தூணை எதிர்பார்க்கலாம். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு உதவுவதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம். ஏரித் தண்ணீர் கோடைச் சூட்டை விடாமல் வைத்திருக்க, மேலே வடக்கிலிருந்து குளிர்காற்று வந்துவிடும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் அங்கே சீசன். 2020 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய ஒரே வாரத்தில், தண்ணீரைத் தொடாத சுழல்களையும் சேர்த்து, 200-க்கு மேல் பதிவாயின.

எந்த ஏரி, எந்தப் பகல் என்பது வரை இதில் சொல்லலாம். எந்த மேகத்தின் அடியில், எத்தனை மணிக்கு என்றால் முடியாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் மட்டும் ஏன் இத்தனை நீர்த்தூண்கள்?

சூடான ஆழமற்ற கடல், மெதுவான காற்று, தீவு வரிசையை ஒட்டியே கட்டும் மேக வரிசை, மூன்றும் சேர்கிற இடம் அது. 1970-களில் அமெரிக்க வானிலை ஆய்வாளர் ஜோசப் கோல்டன் அங்கே விமானத்தில் பறந்து ஆராய்ந்துதான் நீர்த்தூணின் வாழ்க்கையை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டம் கடல்மேல் ஒரு கருவட்டம், அப்புறம் சுருள் கோடுகள், அதன் பிறகே நீர்த்துளி வளையம். தூண் கண்ணுக்குத் தெரியும் முன்பே கீழே சுழல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே தூண் தண்ணீரைத் தொடவில்லை என்று நம்பிப் படகைப் பக்கத்தில் விடாதீர்கள்.

படகில் இருக்கும்போது எதிரே வந்தால்?

அது நகரும் திசைக்குச் செங்குத்தாக விலகுங்கள். ஊடே புகுந்து போகலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

கடல்நீரை உறிஞ்சி மேகத்துக்கு ஏற்றுகிறதா?

இல்லை. தூணாகத் தெரிவது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து உண்டான மேகத்துளிகள். அடியில் சிதறுவது மட்டும்தான் கடல்நீர்.

நான் எடுத்த போட்டோவால் யாருக்காவது பயன் உண்டா?

நிச்சயம். ரேடார் தவறவிடுவதை உறுதி செய்வது இந்தப் படங்கள்தான், முன்கணிப்பு சரியா என்று சோதிக்கவும் இவைதான் வேண்டும். நேரம், நின்ற இடம், பார்த்த திசை மூன்றையும் எழுதி உங்கள் வானிலை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பின்னணியில் கரையோ கலங்கரை விளக்கமோ தெரிந்தால் தூரத்தையும் கணக்கிட்டுவிடலாம்.